புட்டியில் பிறந்த சாதி

முகத்திலே ஒருவன் பிறந்தான், காலிலே ஒருவன் பிறந்தான் என்று பழைய ஏடு கூறினால், தாய் எங்கே, கருப்பை எங்கே என்று கேட்கிறோம். கேட்பதிலே பெருமையும் கொள்கிறோம். ஆனால், அட்டையிலே 'அறிவியல் புனைகதை' என்று அச்சிட்டுவிட்டால் போதும், அந்தக் கேள்வி அடங்கிப்போகிறது! விண்கலம் அத்தனை வேகத்தில் செல்லுமா என்று கணக்குப் பார்க்கும் இளைஞர், அதே கதையில் உலவும் உயிர்களைப் பற்றி ஐயுறுவதில்லை. எந்திரத்துக்கு ஒரு நீதி, உயிருக்கு ஒரு நீதியா?

சிறு பிழையிலிருந்து தொடங்குவோம். 1954-இல் வந்த 'தெம்' என்ற அமெரிக்கப் படத்தில், அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சால் எறும்புகள் பூதமெனப் பெருத்து மக்களை வேட்டையாடுகின்றன. இது நடவாது என்பதற்கான கணக்கை அதற்கு 28 ஆண்டுகள் முன்னரே, 1926-இல், ஒரு கட்டுரையில் எழுதி வைத்தார் ஜே. பி. எஸ். ஹால்டேன்; பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, புவனேசுவரத்தில் 1964-இல் மறைந்த அறிஞர் அவர். உயரம் 10 மடங்கானால் எடை 1,000 மடங்காகும். தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான் பெருகும். கால் முறியும்! பூச்சி மூச்சுவிடுவது உடலின் பக்கத் துளைகளால். பேருடலின் உள்ளே காற்றும் போய்ச் சேராது. பள்ளிக் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டிவிடலாம். எனினும் இதற்காக நாம் சினம் கொள்ளவில்லை. எறும்பைப் பெரிதாக்கிய பொய்யால் எவன் வாழ்வும் கெட்டதில்லை.

உயிரியலைக் கற்றவன் கதை எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு எச். ஜி. வெல்ஸ் சான்று. இலண்டன் சவுத் கென்சிங்டனில் டி. எச். ஹக்ஸ்லியிடம் 1884-இல் பாடம் கேட்டவர்; 1893-இல் உயிரியல் பாடநூலே எழுதியவர். அவருடைய 'உலகங்களின் போர்' 1898-இல் நூலாயிற்று. செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைச் சூறையாடுகிறார்கள். பீரங்கி தோற்கிறது, படை சிதறுகிறது. முடிவில் அவர்களை வீழ்த்துவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்! அவர்கள் கோளில் கிருமி இல்லை. ஆகவே அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றலும் இல்லை. மனிதனோ எண்ணற்ற தலைமுறைகளின் சாவை விலையாகக் கொடுத்து அவ்வாற்றலைப் பெற்றவன். அந்த முடிவிலும் கதை சொல்பவன் வாயில் ஆண்டவன் பெயர் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. பார்க்கட்டும், வேலையை முடித்தது டார்வின் விளக்கிய விதி. இராபர்ட் காக் காலராக் கிருமியைக் கல்கத்தாவில் தனித்து வளர்த்துக் காட்டியது 1884-இல். பதினான்கே ஆண்டுகளில் கிருமி கதையின் வீரனாகிவிட்டது அங்கே. அம்மனின் சீற்றம் என்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம் இங்கே.

வெல்சின் ஆசானுக்கு ஒரு பேரன், ஆல்டஸ் ஹக்ஸ்லி. 1932-இல் அவர் எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலைத்தான் நம் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அங்கே குழந்தை தாய் வயிற்றில் பிறப்பதில்லை, புட்டியில் வளர்கிறது. ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என மக்கள் ஐந்து பிரிவு. ஆசிரியர் அதற்கு இட்ட பெயரே சாதி! ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிற உடை: மேலோனுக்குச் சாம்பல், கீழோனுக்குக் கறுப்பு. வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் கூறுவோர் இவ்விடத்தில் புன்னகைக்கலாம்.

எப்சிலான் எப்படி உண்டாகிறான்? இங்குதான் ஹக்ஸ்லியின் கூர்மை. இயற்கை அவனைப் படைக்கவில்லை, ஆட்சி படைக்கிறது. வளரும் கருவுக்கு உயிர்வளியைக் குறைக்கிறார்கள், சாராயம் கலக்கிறார்கள், மூளையைக் குன்றவைக்கிறார்கள். அதுவும் போதாதென்று, உறங்கும் குழந்தைகளின் காதில் உன் சாதியே உனக்கு நல்லது என்று இரவெல்லாம் ஓதுகிறார்கள். பிறவியிலேயே தாழ்ந்தவன் என்றால், அவனைத் தாழ்த்த இத்தனை பாடு ஏன்? நஞ்சு எதற்கு? ஓதுவது எதற்கு? பிறவித் தாழ்வு என்னும் பொய்யை உயிரியல் கொண்டு உடைத்த நாவல் இது என்று நாம் துணிந்து கூறுவோம்.

ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார் என்பதும் நம் குற்றச்சாட்டு. கதையில் ஆட்சியாளன் ஒரு சோதனையைக் காட்டி வாதாடுகிறான். சைப்ரசுத் தீவில் 22,000 ஆல்பாக்களை மட்டும் குடியேற்றினார்களாம். கீழ்வேலை செய்ய எவனும் இசையவில்லை. உள்நாட்டுப் போரில் 19,000 பேர் மாண்டனர். ஆகவே எப்சிலான் இன்றி உலகு நடவாது என்பது அவன் முடிபு. எத்துணை ஓட்டையான சோதனை! ஆளப் பிறந்தோம் என்று குழவிப் பருவம் முதல் ஊட்டி வளர்த்தவர்களைத் தீவில் கொட்டி, உழைக்கவில்லையே என்று கைவிரிப்பது எவ்வகை அறிவியல்? அதைத் திருப்பிக் கேட்க நாவலில் ஒருவர் இல்லை. ஹக்ஸ்லி ஆட்சியாளனை வெறுக்கிறார், மெய்தான். ஆனால் அவன் கணக்கைச் சரிபார்க்கவில்லை.

புட்டியோடு வளர்ச்சி முடிந்தது என்ற எண்ணமும் உயிரியலுக்கு ஒவ்வாதது. மனித மூளை பிறந்த பின்னும் பல்லாண்டு வளர்வது, கற்பது, வடு பெற்ற மூளையும் ஓரளவு புதுவழி தேடுவது. இதற்கான சான்று அந்நாவலிலேயே ஓரிடத்தில், ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ, கிடக்கிறது. மின்தூக்கியை இயக்கும் ஓர் எப்சிலான், நாள் முழுதும் இருண்ட கூண்டில் ஏறி இறங்குபவன். கூண்டு மொட்டைமாடியை அடைகிறது. வெயிலைக் கண்டதும் அவன் முகம் மலர்கிறது. மாடி, மாடி என்று மகிழ்ந்து கூவுகிறான். உடனே மணி அடிக்கிறது. கீழே போ என்று ஒலிபெருக்கி ஆணையிடுகிறது. கதவு மூடுகிறது. எந்தச் சாராயமும் அழிக்காத அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? ஹக்ஸ்லி அவனுடன் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. கதை மாடியிலேயே, ஆல்பாக்களோடு நின்றுகொள்கிறது.