வீடு தேடிப் போகும் ஆசிரியர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையைப் பற்றிப் பதியாத விவரம் அநேகமாக இல்லை. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ரத்தப் பிரிவு உட்பட எல்லாம் ஏறியிருக்கும். அத்தனையையும் ஏற்றி முடித்த வகுப்பாசிரியரிடம், மூன்றாம் பெஞ்சுப் பையன் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "சுமார்தான்" என்பார்.

இப்படிப் பதிந்துவைப்பதைவிட, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பழைய வழக்கம் எவ்வளவோ மேல். இடைநின்றவர்களைத் தேடியும் சேர்க்கைக்காகவும் நம் ஆசிரியர்கள் தெருத்தெருவாக நடக்கத்தான் செய்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் திட்டு வாங்கும் பெண், சாயங்காலம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் குடம் நகர்த்துகிறாள் என்பது நேரில் போனால்தான் தெரியும். மறுநாள் அந்தத் திட்டு நிற்கும்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. "அவங்கப்பா குடிக்கிறவர் சார், அவன்கிட்ட என்ன எதிர்பார்க்கிறது?" ஆசிரியர் அறையில் இரக்கத்தோடு சொல்லப்படும் இந்த வாக்கியம், பையனின் கணக்குப் பாடத்தை அன்றே முடித்துவிடுகிறது. ஆசிரியரின் எதிர்பார்ப்பே மாணவரின் வளர்ச்சியை மாற்றக்கூடும் என்று ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர்கள் 1968-இல் ஒரு நூலில் வாதிட்டார்கள். அவர்களுடைய கணக்குகள் பற்றிப் பின்னால் நிறையச் சர்ச்சை எழுந்தது. ஆனால் கடைசி பெஞ்சில் படித்த யாருக்கும் அந்த வாதம் புதிதாக இருக்காது.

இன்னொன்று சாதி. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரைதான். ஆனால் தெருப்பெயரே சாதியைச் சொல்லிவிடும் ஊரில், வீடு தேடிப் போகிறவருக்குப் பதிவேடு எதற்கு? அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறார். சார் வாங்கிக் குடிக்கிறாரா, "இப்பதாம்மா குடிச்சேன்" என்கிறாரா என்று நிலைப்படியில் சாய்ந்தபடி பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. மாணவரை அறியப் போனவரை மாணவர் அறிந்துகொள்வது அங்கேதான்.

அப்படியானால் போகவே வேண்டாமா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலெஸ் முதலிய ஆய்வாளர்கள் ஆசிரியர்களோடு சேர்ந்து செய்த ஒரு வேலை எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. அவர்கள் 1992-இல் எழுதிய கட்டுரையின்படி, மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆசிரியர்கள் போனது, அங்கே என்ன குறை என்று பார்க்க அல்ல. அந்த வீட்டார் என்னென்ன தெரிந்தவர்கள் என்று கேட்டுக் கற்க. ஒரு மாணவன் மெக்சிகோவிலிருந்து மிட்டாய் கொண்டுவந்து அக்கம்பக்கத்தில் விற்பது தெரியவந்தது. அவனுடைய ஆசிரியை மிட்டாயையே பாடமாக்கினார். பிள்ளைகள் இரு நாட்டு மிட்டாய்களின் சேர்மானங்களையும் ஒப்பிட்டார்கள். பெற்றோர் ஒருவர் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். நம் ஊர் ஆசிரியர் அதே பையனைக் கண்டால், "படிக்கிற வயசுல வியாபாரமா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

இதிலும் ஓட்டை உண்டு. அங்கே ஆசிரியர்கள் சில வீடுகளுக்கு மட்டுமே போனார்கள். பயிற்சியோடும், ஆய்வாளர் துணையோடும், திரும்பத் திரும்பவும் போனார்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் நம் பள்ளியில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? உத்தரவு போட்டுச் செய்யவைத்தால் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு அது முடிந்துவிடும்.

நேரம் கிடைத்தாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு, வீட்டுச் சண்டை துரத்தி வராத ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். அங்கே அவர்கள் நன்றாக ஓடுகிறவர்கள், நன்றாகப் படம் வரைகிறவர்கள், அவ்வளவுதான். டீச்சர் வாசலில் வந்து நின்றால் அந்த இடமும் போய்விடும். எனவே போகுமுன் பிள்ளையிடம், "வீட்டுக்கு வரட்டுமா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். தலை குனிந்துகொண்டால், அந்த வீட்டை விட்டுவிட வேண்டும்.