மேடைக்குக் கீழே நின்றவர்கள்

ஒரு சமையலறை. இருபத்தொரு வயதுப் பையன் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டே கேள்விக்குப் பதில் சொல்கிறான். குரலில் தூக்கம் கலையவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஜெர்ம்ஸ் குழுவின் பாடகன் டார்பி கிராஷ் அவன். பெனலபி ஸ்பீரிஸ் எடுத்த ‘தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’ என்ற ஆவணப்படம் 1981-இல் வெளிவந்தபோது அவன் உயிரோடு இல்லை. 1980 டிசம்பர் 7 அன்று ஹெராயின் ஏற்றிக்கொண்டு இறந்துபோனான். மறுநாள் நியூயார்க்கில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட, உலகம் அந்தச் சாவைப் பற்றித்தான் பேசியது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில், கொடியில் கட்டிய வேட்டியைத் திரையாக்கி இந்தப் படத்தைப் பார்த்தோம். ஹார்ட்கோர் பங்க் என்றால் என்னவென்று அப்போது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. பாட்டு ஒன்று ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அதற்குள் கத்தி முடித்துவிடுகிறார்கள். கீழே நிற்கிற பையன்கள் முட்டி மோதி ஆடுகிறார்கள், மேடையில் ஏறிக் கூட்டத்தின் தலைமேல் குதிக்கிறார்கள். சத்தம் புரியவில்லை. முட்டை பொரித்தவன் புரிந்தான். அன்றைக்குத் தொடங்கி இந்த இசையைப் பற்றிய படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். பார்க்கப் பார்க்க ஒரு மனக்குறை வளர்ந்துகொண்டே போகிறது.

இந்த இசையின் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: மேடையில் இருப்பவனும் கீழே நிற்பவனும் ஒரே ஆள். இன்றைக்குக் கேட்பவன் அடுத்த மாதம் குழு தொடங்கிவிடுவான். பெரிய கம்பெனி தேவையில்லை, நாமே இசைத்தட்டு போடுவோம், நாமே மண்டபம் பிடிப்போம், நாமே பத்திரிகை நகலெடுத்து விற்போம். வாஷிங்டனில் இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் 1980-இல் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு தொடங்கிய டிஸ்கார்டு ரெக்கார்ட்ஸ் இன்றும் நடக்கிறது. குடிக்கிற இடங்களில் குடிக்கும் வயதை எட்டாதவர்களை உள்ளே விடுவதற்காகக் கையில் போட்ட பெருக்கல் குறியையே அவர்கள் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். குடிக்க மாட்டோம், ஆனால் பாட்டு எங்களுக்கும் வேண்டும் என்பது அதன் பொருள். வார இறுதியில் சாராயத்துக்காகவே வெளியூர்க் கார்கள் வந்து நிற்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு இந்த இடம் சட்டென்று உறைக்கும். இங்கே இசை கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் மதுக்கூடத்துக்குள்தான் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 21-ஐ ஒட்டி, பிரான்சிலிருந்து வந்த இசைத் திருவிழா நடக்கிற அன்றுதான் பள்ளிப் பிள்ளைகளும் தெருவில் நின்று இலவசமாகக் கிடார் கேட்கிறார்கள்.

இனி குறைக்கு வருகிறேன். இந்த இசையைப் பற்றிய படங்களில் அதிகம் பேசப்படுபவற்றில் ஒன்று பால் ராக்மன் இயக்கிய ‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ (2006). ஸ்டீவன் பிளஷ் எழுதிய நூலை வைத்து எடுத்தது. 1980 முதல் 1986 வரையிலான காலத்தை ஊர் ஊராகச் சொல்கிறது. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார் வீட்டுப் பரணிலோ கிடந்த வீடியோ டேப்புகள், நோட்டீசுகள், புகைப்படங்கள் எல்லாம் இந்தப் படத்தால் ஓரிடத்தில் சேர்ந்தன. ரீகன் ஆட்சியின்மீது இருந்த கோபம் இந்த இசையின் வேகமாக எப்படி மாறியது என்பது தெளிவாகத் தெரிகிறது. பேட் பிரெயின்ஸ் குழுவின் கறுப்பு இளைஞர்கள் வாசிக்கும் காட்சி ஒன்றே போதும், இந்த இசை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சொத்து என்ற எண்ணம் உடைந்துவிடும்.

ஆனால் படத்தின் உடல் முழுக்கப் பேட்டி. நடுவயதைத் தொட்டவர்கள் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு முந்திய கதையைச் சொல்கிறார்கள். நன்றாகவே சொல்கிறார்கள், மிக நன்றாக. அங்கேதான் எனக்கு எங்கள் தெருச் சொல்தா தாத்தா நினைவுக்கு வருவார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். ஜூலை 14 வந்தால் அவர்கள் கோட்டு மாட்டி, மெடல் குத்தி, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைக்கப் போவார்கள். எங்கள் தெருத் தாத்தா அதற்கு முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து மெடலைப் புளி போட்டுத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே அல்ஜீரியக் கதை சொல்வார். (அல்ஜீரியப் போர் தொடங்கியதும் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியதும் ஒரே நாள், 1954 நவம்பர் 1. இதை அவர்தான் எனக்குச் சொன்னார்.) வருடா வருடம் அந்தக் கதை மெருகேறியது, மெடலைப் போலவே. கடைசிக் கடைசியில் ராத்திரி நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவரே எல்லாருக்கும் தைரியம் சொன்னவராக ஆகியிருந்தார். அவர் இறந்தபின் ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதம் காட்டினார். அங்கிருந்து தமிழில் எழுதியது. குளிர் தாங்கவில்லை, பயமாக இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு வேண்டும்போல இருக்கிறது என்று இருந்தது. தைரியத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. “இதுதாண்டா அவரு. அப்புறம் சொன்னதெல்லாம் திண்ணையில சேர்ந்தது” என்றார் ஆயா.

தாத்தா பொய் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட நினைவு கூர்மழுங்கி வழவழப்பாகிவிடும், அவ்வளவுதான். ‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. ஸ்பீரிஸின் படம் டிரங்குப் பெட்டிக் கடிதம். அதில் யாருக்கும் தாங்கள் வரலாறு ஆகப்போவது தெரியாது. பிளாக் ஃபிளாக் குழுவில் அப்போது பாடிய ரான் ரெயஸ் என்ற இளைஞன் தான் படுத்துறங்கும் மறைவிடத்தைக் காட்டுகிறான். அலமாரி அளவு இடம், மாத வாடகை 16 டாலர். கஷ்டம், பெருமை எதுவும் அவன் குரலில் இல்லை, இடத்தைக் காட்டுகிறான், சிரிக்கிறான். இருபத்தைந்து வருடம் கழித்து யாரைக் கேட்டாலும் இந்தச் சிரிப்பு கிடைக்காது.

‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ செய்கிற இன்னொரு காரியம் எனக்கு ஒப்புவதே இல்லை. 1986-ஓடு கதை முடிந்தது என்கிறது. தங்கள் இளமை முடிந்த வருடத்தையே இசை முடிந்த வருடமாகக் குறித்துக்கொள்வது இது. சிக் ஆஃப் இட் ஆல் குழு நியூயார்க்கில் தொடங்கியதே 1986-இல்தான். பால்டிமோரின் டர்ன்ஸ்டைல் குழு இந்த வேரிலிருந்து கிளம்பி கிராமி வரை போயிருக்கிறது. முதியவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போக, பிள்ளைகள் சன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள்.

மூப்பையே நேராகப் பார்த்த படங்களும் உண்டு. ஆண்ட்ரியா பிளாக்ரண்ட் நெவின்ஸ் இயக்கிய ‘தி அதர் எஃப் வேர்ட்’ (2011), பங்க் பாடகர்கள் தகப்பன்களான கதை. உடம்பெல்லாம் பச்சை குத்திய லார்ஸ் ஃபிரெடரிக்சன் மகனோடு விளையாட்டுத் திடலுக்குப் போனால் மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பென்னிவைஸ் பாடகர் ஜிம் லிண்ட்பர்க், பெண் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் இல்லாத தகப்பனாக இருந்து இருந்து, 2009-இல் குழுவை விட்டே வெளியேறுகிறார். அப்பன் பேச்சைக் கேட்காதே என்று பாடிய வாய் பிள்ளைக்குப் பல் துலக்கச் சொல்கிறது. இந்த முரணைக் கேலி செய்யாமல் படம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. டுவேன் பீட்டர்ஸ் சாலை விபத்தில் இறந்த மகனைப் பற்றிப் பேசும்போது மொட்டைமாடியில் எங்களில் ஒருவரும் அசையவில்லை. அலமாரியில் படுத்திருந்த அதே ரான் ரெயஸ் இதில் தகப்பனாக வருகிறார்.

ஆனாலும் படத்தின் பார்வை குறுகல்தான். தகப்பன் வீட்டில் இல்லாத நாள்களில் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் ஓரமாகவே வந்து போகிறார்கள். அந்தப் பெண்களில் சிலராவது அதே மண்டபங்களில் நின்று அதே பாட்டைக் கேட்டவர்களாக இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வயதானது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் ஆலிஸ் பேக் ஸ்பீரிஸின் படத்தில் மேடையில் பாடுகிறார்; தன் கதையை முழுதாகச் சொல்ல 2011-இல் அவரே ஒரு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. கறுப்பின இளைஞர்கள் இந்த வெள்ளைக் கூட்டத்தில் தனியாக நின்ற அனுபவத்தைக் கேட்க, 2003-இல் ஜேம்ஸ் ஸ்பூனர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ‘ஆஃப்ரோ-பங்க்’ எடுக்க வேண்டியிருந்தது. அவர் தேடிப்போனது நட்சத்திரங்களை மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தில் நின்ற சாதாரணமானவர்களையும். நான் பார்த்தவற்றில் இந்த இசையின் நம்பிக்கையைக் கேமராவாலும் காப்பாற்றிய படம் அது.

‘தி காட்ஃபாதர்ஸ் ஆஃப் ஹார்ட்கோர்’ (2017) படத்தில் நியூயார்க்கின் அக்னாஸ்டிக் ஃபிரண்ட் குழுவின் ரோஜர் மிரெட், வின்னி ஸ்டிக்மா இருவரையும் இயன் மெக்ஃபார்லண்ட் கூடவே போய்ப் பார்க்கிறார். ஒருவர் இதய நோயை வைத்துக்கொண்டு மேடையேறுகிறார். மற்றவர் பிறந்து வளர்ந்த பழைய வீட்டிலேயே இருக்கிறார். பேட்டிக்குப் பதில் உடம்பை நம்புகிற படம் இது. மூச்சு வாங்குவதும் மருந்து எடுத்துக்கொள்வதும் எந்த நினைவுகூரலையும்விட அதிகம் சொல்கின்றன.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெம் கோஹன் ஃபுகாசி குழுவோடு பத்து வருடத்துக்கு மேல் சுற்றி எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ (1999). டிஸ்கார்டு தொடங்கிய இயன் மெக்காயின் பிந்தைய குழு இது. டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பாடுபட்டவர்கள். படத்தில் விளக்கவுரை கிடையாது. நிகழ்ச்சிக்கு முன் வரிசையில் நிற்கும் இளைஞர்களின் முகங்களைக் கோஹன் ஒவ்வொன்றாக, நிதானமாக எடுக்கிறார். பேரில்லை, பேச்சில்லை. கேமராவைப் பார்த்து ஒருத்தி கண்ணைத் தாழ்த்துகிறாள், ஒருவன் முறைக்கிறான். எத்தனையோ பேட்டிகள் சொல்லாததை அந்த முகங்கள் சொல்லிவிடுகின்றன.

காலத்தோடு கூடவே நடப்பது என்றால் நம் நாட்டில் ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011) இருக்கிறது. பங்க் இசைக்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை; ஆனால் கோபத்திலிருந்து பிறந்த இசை எப்படி மூப்படைகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் பார்த்ததில்லை. 1997-இல் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் இறக்கிறார்கள். அதைத் தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கிட்டுக்கொள்கிறார். அங்கிருந்து பதினான்கு வருடம் கேமரா போகிறது. தலித் இயக்கத்தில் இருந்தவர்கள் நரைக்கிறார்கள், சிலர் எதிர் மேடையில் ஏறுகிறார்கள், கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் குழு புதிதாகப் பாட வருகிறது, பிறகு தலைமறைவாகிறது. பட்வர்தன் பாடகர்களோடு நின்றுவிடவில்லை. கேட்கிற சேரிப் பெண்களிடம், வழக்கு நடத்தித் தளர்ந்தவர்களிடம் போகிறார். மேடைக்குக் கீழே இருப்பவர்களே படத்தின் நடுவில் இருக்கிறார்கள்.

தமிழுக்கு வந்தால், 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். அன்றைய வீடியோக்களை இப்போதும் பார்க்கலாம். பெரும்பாலும் மேடையைப் பார்த்து எடுத்தவை. அன்று வந்திருந்த கூட்டம், சென்னைக் கச்சேரி சபாக்கள் அதுவரை பார்த்திராத கூட்டம். அந்தப் பிள்ளைகள் எந்தப் பேட்டையிலிருந்து, எந்த பஸ் பிடித்து வந்தார்கள், பாட்டு முடிந்து வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இன்னும் அவர்கள் நினைவில் சூடாக இருக்கும். இன்னொரு இருபது வருடம் போனால் அதுவும் திண்ணைக் கதையாகிவிடும். அப்போது கேமரா தேடிப்போவது மைக் பிடித்தவர்களை மட்டுமாகத்தான் இருக்கும்.

ரான் ரெயஸின் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. 2013-இல் அவர் மறுபடி பிளாக் ஃபிளாக் குழுவில் பாடப் போனார். அந்த நவம்பரில் ஆஸ்திரேலியாவில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் வைத்து அவரை விலக்கினார்கள். மைக் இன்னொருவர் கைக்குப் போனது. ஐம்பது தாண்டிய மனிதர், கூட்டம் பார்க்க இறங்கிப் போகிறார். இந்த இசை எப்படி மூத்தது என்று படமெடுக்கிறவர் அன்று அங்கே இருந்திருந்தால் மேடையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போயிருக்க வேண்டும், பின்வாசல் வழியாக.

‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ படத்தின் பழைய வீடியோத் துண்டுகளில் பையன்கள் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பாய்கிறார்கள். கைகள் மேலே எழுந்து தாங்கிக்கொள்கின்றன. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு படம் அந்தப் பாட்டைப் பாடியவரின் வரவேற்பறைக்குப் போய்விடுகிறது. பாய்ந்தவர்களுக்கு இப்போது அறுபது வயது நெருங்கியிருக்கும். தாங்கிக்கொண்ட கைகளுக்கும்தான்.