டம்ளரில் அரை எது?

சமையல் அளவுகளைக் கொண்டு பின்னம் கற்பிக்கும் பாடங்களில் ஒரு படத்தை அடிக்கடி காண்கிறோம். வாய் அகன்ற டம்ளர். அதன் உயரத்தை நான்காகப் பிரிக்கும் கோடுகள். பக்கத்தில் 1/4, 1/2, 3/4. யோசனை நல்லதுதான். படம் தவறு.

அடியில் 3 செ.மீ., வாயில் 4 செ.மீ. ஆரமுள்ள டம்ளரில் பாதி உயரத்துக்கு அரிசி போட்டால், கொள்ளளவில் ஏறக்குறைய 43 சதவீதமே நிரம்பும். கூம்பு வடிவப் பாத்திரமானால் எட்டில் ஒரு பங்குதான்! பின்னம் குறிப்பது கொள்ளளவை. படம் பிரிப்பதோ உயரத்தை. வீட்டில் அளந்து பார்க்கும் குழந்தை, இரண்டு 'அரை' சேர்ந்தும் டம்ளர் நிரம்பாததைக் கண்டு கணக்கையே சந்தேகிக்கும்.

நேர்ப்பக்கமுள்ள உருளைப் பாத்திரத்தை வரைந்தால் இத்தொல்லை இல்லை. அதில் நிறைய நீர் ஊற்றி, அடித்தட்டின் ஓரம் தெரியத் தொடங்கும்வரை சாய்த்து வடித்துவிடுங்கள், எஞ்சுவது சரிபாதி. கோடே வேண்டாம்.

பின்னத்தில் பின்னம் காட்ட வட்டப் படமும் அவ்வளவு உதவாது. நம் பழைய அளவுகளோ பாதி பாதியாக இறங்குபவை: ஒரு படிக்கு 2 உரி, உரிக்கு 2 உழக்கு, உழக்குக்கு 2 ஆழாக்கு. முக்கால் படி என்றால் 3 உழக்கு. அதில் பாதி 3 ஆழாக்கு, அதாவது 3/8 படி. வட்டத்தைக் கீறிக் காட்டுவதைவிட இது எளிதல்லவா?