கட்டடங்களின் காதலர்

“கடவுளின் காப்பு” எனப் பொருள்படும் பெயர் ஒரு நகருக்கு. கடவுளே இல்லை என்றுரைத்தவர் அந்நகரின் புகழ்மிக்க எழுத்தாளர்! முரண்பாடு முகிழ்ப்பது அங்கேயே, முடிவது அங்கேயன்று.

நகரின் பெயர் பிராவிடென்ஸ். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத் தலைநகர். மனச்சான்றின் மீது அரசுக்கு அதிகாரமில்லை என்று முழங்கியதற்காக மாசசூசெட்ஸிலிருந்து விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், 1636-இல் அதனை நிறுவினார். விரட்டப்பட்டவர், விரட்டப்படுவோர்க்கென அமைத்த ஊர்! அவ்வூரில் 1890-இல் பிறந்து, 1937-இல் அங்கேயே மறைந்தவர் எச்.பி. லவ்கிராப்ட், திகில் கதை மன்னர் எனப் பாராட்டப்படுபவர்.

அவருடைய திறமையை நாம் மறுக்கவில்லை. பேயும் பிசாசும், சாமியும் சாத்தானும் இல்லாமலே படிப்போரை நடுங்க வைத்தார். மனிதனைப் பொருட்படுத்தாத அகண்ட வெளியே அவர் காட்டிய அச்சம். கோயிலுக்கு ஓடித் தப்பும் வழியை அவர் கதை திறந்து வைப்பதில்லை. பகுத்தறிவாளர் படித்துப் பார்க்கத்தக்க துணிவு அது.

ஆனால், அந்தத் துணிவு வானத்தை அளந்தது; வாசலைத் தாண்டவில்லை!

1924-இல் சோனியா கிரீன் என்னும் அம்மையாரை மணந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியேறினார். அம்மையாரோ உக்ரைனில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய யூதப் பெண்மணி. கணவரோ குடியேறியோரைக் கண்டாலே குமுறியவர்! பல நாட்டு ஏழைகள் வாழ்ந்த துறைமுகப் பகுதியை ‘ரெட் ஹூக்கின் பயங்கரம்’ என்று 1925-இல் கதையாக்கினார். பசியும் பட்டினியும் அங்கே பயங்கரமாகத் தோன்றவில்லை அவருக்கு. மக்களின் நிறமும் மொழியும் தோன்றின. 1926-இல் தாயகம் திரும்பினார். பழைய வீடுகள், கூரிய கோபுரங்கள், சாய்ந்த தெருக்கள். அவற்றைக் கண்டதும் பேனா பெருக்கெடுத்தது. சிறந்த படைப்புகள் பல பிறந்தது அதன் பிறகே.

நகரை நேசித்தாரா? நேசித்தார். எந்த நகரை? ஓட்டையும் கல்லையும் நேசித்தார். உழைக்கும் மக்களை அன்று!

சான்று வேண்டுமா? 1935-இல் அவர் எழுதிய ‘இருளில் உலவுவது’ என்னும் கதையைப் பாருங்கள். அவர் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்த பெடரல் ஹில், இத்தாலியத் தொழிலாளர் வாழ்ந்த குன்று. அங்கிருந்த மாதா கோயிலைக் கொடும் பூதத்தின் குகையாக்கினார். கதையில், இருளில் மட்டுமே உலவும் அப்பூதத்தைத் தட்டியெழுப்புபவன் யார்? சன்னலோரத்தில் அமர்ந்து எழுதும் படித்த வெள்ளை இளைஞன்! மின்விளக்கு அணைந்த புயலிரவில், மெழுகுவர்த்தி ஏந்தி மழையில் நின்று ஊரைக் காப்பவர் யார்? மூட நம்பிக்கையினர் என்று அவர் முத்திரை குத்திய அந்த இத்தாலிய ஏழைகள்! எழுத்தாளர் காணாததை எழுத்தே காட்டிக் கொடுக்கிறது.

இன்னொரு சான்று, 1927-இல் எழுதி, மறைவுக்குப் பின் 1941-இல் வெளிவந்த ‘சார்லஸ் டெக்ஸ்டர் வார்டு’ கதை. மந்திரவாதி கர்வன், ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் கொணர்கிறான். அவர்கள் மறைந்து போகின்றனர். அவனை ஒழிக்கப் புறப்படும் பெருமக்களில் ஒருவர் ஜான் பிரவுன். அவர் கற்பனைப் பாத்திரமல்லர். வரலாற்றில் வாழ்ந்த வணிகர், அடிமை வாணிபத்துக்கு வாதாடியவர்! 1764-இல் பிரவுன் சகோதரர்கள் அனுப்பிய ‘சாலி’ கப்பல் 196 ஆப்பிரிக்கரை வாங்கியது. குறைந்தது 109 பேர் மாண்டனர். மந்திரம் தேவைப்படவில்லை, பூதம் தேவைப்படவில்லை. கணக்கேடும் கால்விலங்கும் போதுமாயிருந்தன. பிராவிடென்ஸின் மெய்யான திகில் அதுவே. கையருகே கிடந்த அதனை விட்டு, கல்லறையில் தேடினார் லவ்கிராப்ட்!

“காலம் அப்படி” என்பர் சிலர். காலமா? அதே குடும்பத்து மோசஸ் பிரவுன், 1773-இலேயே தம் அடிமைகளை விடுவித்து, அந்த வாணிபத்தை எதிர்த்தாரே! ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்க்கு அந்தக் காலம் எப்படிக் கேடயமாகும்? கடைசி ஆண்டுகளில் முதலாளித்துவத்தின் மீதிருந்த மயக்கம் அவருக்குத் தெளிந்தது. ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை ஆதரித்தார். இனவெறியோ அவரை விட்டு நீங்கவில்லை. மாற முடியாதவரல்லர், அதில் மாற மனமில்லாதவர்.

உலகப் புனைவு விருது, பல்லாண்டுகள் அவர் தலையுருவிலேயே வழங்கப்பட்டது. கறுப்பினப் பெண் எழுத்தாளர் நெடி ஒகோராபோர் 2011-இல் அதனைப் பெற்றபோது, தம் இனத்தை இழிவுபடுத்தியவரின் தலையா தமக்குப் பரிசு என்ற வேதனையை வெளியிட்டார். 2015-இல் அவ்வுருவம் கைவிடப்பட்டது. நூல்கள் எரிக்கப்படவில்லை, பீடம் மட்டும் அகற்றப்பட்டது. அது முறையே.

நாம் அவரைப் படிப்போம், படிக்கும்போதே கேட்போம். ஆண்டவனை மறுத்த அறிவு, ஆண்ட இனம் என்ற ஆணவத்தை மறுக்காதது ஏன்? விண்ணிலுள்ள பீடத்தைக் காலி செய்துவிட்டு, மண்ணில் தன் குலத்தை அதில் அமர்த்திக்கொண்டால், அது பகுத்தறிவன்று, பாதி அறிவு!