சோசரும் செசிலியும்: ஒரு வழக்கும் அதன் வாசிப்புக்களும்

மத்தியகால ஐரோப்பிய இலக்கியத்தை ஆராய்ந்தோர் நீதிமன்றச் சுவடிகளைப் பெரும்பாலும் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றைப் பூர்த்திசெய்வதற்கே பயன்படுத்தி வந்தனர். அண்மைக்கால ஆய்வுகளோ அச்சுவடிகளைச் சமூக உறவுகளின் சாட்சியங்களாக நோக்கத் தலைப்பட்டுள்ளன. இம்மாற்றத்தின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டவல்லது ஆங்கிலக் கவிஞர் ஜெப்ரி சோசர் பற்றி 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஆகும். அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சோசர் ஆய்விதழின் சிறப்பிதழொன்றில் வெளிவந்த இவ்வாய்வின் பின்னணி நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது. 1873இல் பிரெடெரிக் பேர்ணிவல் என்னும் அறிஞர் 1380ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி பதிவுசெய்யப்பட்ட உரிமைதுறப்பு முறியொன்றினை வெளிக்கொணர்ந்தார். செசிலி சோம்பெய்ன் என்ற பெண், தனது ‘ராப்டுஸ்’ தொடர்பிலும் பிற விடயங்களிலும் சோசர்மீது வழக்காடும் உரிமையைத் துறப்பதாக அது கூறுகின்றது. அந்த இலத்தீன் சொல் வன்புணர்ச்சியையும் குறிக்கும். ஒருவரைக் கவர்ந்துசெல்லுதலையும் குறிக்கும். முறிக்குச் சாட்சிகளாக நின்றோருள் வில்லியம் போஷாம், ஜோன் கிளான்வோ போன்ற அரசவைப் பிரபுக்கள் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலக் கவிதையின் தந்தையெனப் போற்றப்பட்டவருக்கு இழுக்கு நேராவண்ணம், ‘கவர்ந்துசெல்லுதல்’ என்ற பொருளையே முந்தைய அறிஞர் பலர் விரும்பினர். 1993இல் கிறிஸ்தோபர் கனன் அதே முறியின் பிறிதொரு பதிவைக் கண்டுபிடித்தார். அரசமன்றில் மூன்று நாள்களின் பின் இடம்பெற்ற அப்பதிவில் ‘ராப்டுஸ்’ என்னும் சொல் விடுபட்டிருந்தது. அச்சொல் வன்புணர்ச்சியையே குறித்திருத்தல் வேண்டும் எனக் கனன் வாதிட்டார். பெண்நிலைவாதத் திறனாய்வாளர் இதனை அடியாகக் கொண்டு, பாத் நகரத்து மனைவியின் கதையிலும் மணியகாரர் கதையிலும் பெண்ணுக்கு இழைக்கப்படும் வன்முறை எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றது எனக் கூர்ந்து ஆராய்ந்தனர். சோசர் ஆய்வின் போக்கையே இது மாற்றியது எனலாம்.

இந்நிலையில் 2022இல் யூவன் ரொஜர், செபஸ்தியன் சொபெக்கி ஆகிய இருவரும் புதிய ஆவணங்களை வெளியிட்டனர். அவற்றின்படி, 1379இல் தோமஸ் ஸ்ரான்டன் என்பவர் சோசர்மீதும் செசிலிமீதும் ஒருங்கே வழக்குத் தொடுத்திருந்தார். தம்மிடம் பணிபுரிந்த செசிலி தவணை முடியுமுன் விலகிச் சோசரிடம் பணிக்கமர்ந்தார் என்பதே முறைப்பாடு. எனவே கவிஞரும் அப்பெண்ணும் எதிரெதிர்த் தரப்பினர் அல்லர். ஒரே தரப்புப் பிரதிவாதிகள். 1380ஆம் ஆண்டு முறியும் இவ்வழக்கிலிருந்து இருவரும் விடுபடச் செய்துகொண்ட ஏற்பாடே என்பது ஆய்வாளர் முடிபு.

இம்முடிபின் முழுப்பொருளையும் உணர்வதற்கு வழக்கின் அடிப்படையான சட்டத்தை அறிதல் அவசியமாகும். 1348-49இல் பரவிய கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்கட்டொகையில் பெரும்பங்கை அழித்தது. உழைப்போர் அருகினர், கூலி உயர்ந்தது. நிலவுடைமையாளர் கையிலிருந்த அரசு 1349இல் தொழிலாளர் கட்டளையையும் 1351இல் தொழிலாளர் சட்டத்தையும் பிறப்பித்தது. வேறு வாழ்வாதாரமற்ற, அறுபது வயதுக்குட்பட்ட உடல்வலிமையுள்ள ஆணும் பெண்ணும் கொள்ளைநோய்க்கு முந்திய கூலிக்கே உழைத்தல் வேண்டும். தவணைக்கு முன் விலகுதல் குற்றம். விலகியவரை ஏற்று வைத்திருத்தலும் குற்றம். செசிலியோடு சோசரும் மன்றுக்கு அழைக்கப்பட்டமைக்குக் காரணம் இறுதியாகக் கூறிய விதியே.

புதிய ஆவணங்கள் வெளியானதும் கவிஞர் குற்றமற்றவரென நிறுவப்பட்டுவிட்டார் என்ற குரல் பல இடங்களிலும் எழுந்தது. இம்முடிபு அவசரமானது என்பதே எமது கருத்து. தொழிலாளர் வழக்கையும் உரிமைதுறப்பு முறியையும் இணைப்பது வலுவானதோர் அனுமானமேயன்றி நேரடிச் சான்றன்று. 1380ஆம் ஆண்டு கோடையில் ஜோன் குரோவ் என்பவர் செசிலிக்குப் பத்துப் பவுண் செலுத்த உடன்பட்டமை ஏன் என்ற வினாவும் எஞ்சியே நிற்கின்றது. இவற்றினும் முக்கியமான விடயம் ஒன்றுண்டு. ‘கவிஞர் குற்றவாளியா, அல்லரா’ என்று கேட்கும்வரை செசிலி கவிஞரின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சுவார். சமந்தா காட்ஸ் சீல், சேரா பேக்லி, கரிசா ஹரிஸ் ஆகியோர் அதே சிறப்பிதழில் எழுதிய கட்டுரைகள் பணிப்பெண்களின் வாழ்நிலையை நோக்கி வினாவைத் திருப்பியமை பாராட்டத்தக்கது. எசமானை மாற்றும் உரிமையே இல்லாத பெண்ணுக்கு எசமானின் வீட்டினுள் என்ன பாதுகாப்பு இருந்திருக்கும் என்பதே எழவேண்டிய வினா.

சோசரின் வர்க்கநிலையையும் இவ்வழக்கு தெளிவாக்குகின்றது. அக்காலத்தில் அவர் இலண்டன் துறைமுகத்துக் கம்பளிச் சுங்கக் கட்டுப்பாட்டாளர். ஓல்ட்கேற் நகரவாயிலின் மேல்மாடியில் குடியிருந்தவர். 1381 யூன் மாதத்தில் எசெக்ஸ் பகுதிக் குடியானவர் கிளர்ந்து நகருள் நுழைந்தது அவ்வாயில் வழியேயாகும். 1385இலிருந்து அவர் கென்ற் பகுதியில் சமாதான நீதவானாகவும் பணியாற்றினார். தொழிலாளர் சட்டங்களை அமுல்செய்வது அந்நீதவான்களின் கடமைகளுள் ஒன்று. ஒருகாலத்தில் அச்சட்டத்தின்கீழ்ப் பிரதிவாதியாய் நின்றவர், பின்னர் அதனைப் பிறர்மீது செலுத்தும் பதவியில் அமர்ந்தார்.

இப்பின்னணியில் கன்ரபரிக் கதைகளின் முன்னுரையில் வரும் உழவனை நோக்குதல் பயனுடைத்து. அவன் இறைவனிடத்தும் அயலவனிடத்தும் அன்புடையவன். தசமபாகத்தைத் தவறாது செலுத்துபவன். கிறிஸ்துவின் பொருட்டு ஏழைகளுக்குக் கூலியின்றியும் உழைப்பவன். கூலி கேட்டுப் போராடிய உழவர் நாடெங்கும் நிறைந்திருந்த காலத்தில் கூலி கேளாத உழவனே இலட்சிய உழவனாகப் படைக்கப்படுகின்றான். 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கவிஞர் வெளிப்படையாகச் சுட்டுமிடமோ, நரியைத் துரத்துவோரின் கூச்சலுக்கு உவமையாக அமைகின்றது.

அவரது சமகாலத்தவரான லாங்லண்டின் ‘உழவன் பியர்ஸ்’ இதனின்றும் வேறுபட்டது. பழைய உணவை மறுத்து, உயர்ந்த கூலி கேட்டு, தொழிலாளர் சட்டத்தைச் சபிக்கும் உழைப்பாளரை லாங்லண்ட் கண்டிக்கிறார். எனினும் அவர்தம் குரலை நூலினுள் ஒலிக்கவிடுகிறார். ஜெபிப்போர், போரிடுவோர், உழைப்போர் என்ற மூவகுப்புப் பிரிவைத் திருச்சபை இறைவகுத்த ஒழுங்காகப் போதித்தது. அதே மதமொழியைக் கொண்டே அவ்வொழுங்கை எதிர்த்தவர் குருவான ஜோன் போல். அவர் பெயரால் பரவிய கிளர்ச்சிக் கடிதங்களில் பியர்ஸின் பெயரும் இடம்பெற்றது. அக்கடிதங்களை எழுத்தறிவற்றோரின் வெறும் ஆவேசமாகக் கொள்ளாது, எழுத்தின் அதிகாரத்தைக் கைப்பற்றும் முயற்சியாக விளக்கிய ஸ்ரீவன் ஜஸ்ரிஸின் 1994ஆம் ஆண்டு நூல் இத்துறையில் ஒரு மைல்கல்லாகும்.

மேற்படி சட்டம் பதினான்காம் நூற்றாண்டோடு முடிந்த கதையுமன்று. வேலையைவிட்டு விலகுவதைக் குற்றமாக்கும் ஆங்கிலேய எசமான்-வேலையாள் சட்டமரபு அதனின்றே கிளைத்தது. குடியேற்ற ஆட்சியில் அம்மரபு இலங்கைக்கும் வந்தது. 1865ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம் ஒப்பந்தத்தை மீறி விலகும் தொழிலாளியைத் தண்டித்தது. மலையகத் தோட்டங்களில் துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலை பெற முடியாதிருந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆகவே செசிலியின் வழக்கு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

சுருங்கக் கூறின், புதிய ஆவணங்களின் பெறுமதி சோசரை விடுதலை செய்வதிலோ தண்டிப்பதிலோ தங்கியிருக்கவில்லை. பேரிலக்கியம் ஒன்று உருவான வீட்டில் யார் உழைத்தார், எந்தச் சட்டத்தின்கீழ் உழைத்தார் என்று கேட்பதற்கு அவை இடமளிக்கின்றன. சோசரின் கலைத்திறன் இவ்வினாவினால் குன்றிவிடாது. ஆனால் அவ்வினாவை எழுப்பாத திறனாய்வு, ஸ்ரான்டனைப்போல, செசிலியை இன்னொருவரின் உடைமையாகவே கணக்கிட்டதாய் முடியும்.