பகுதி சபாவுக்குப் பணமும் வேண்டும்

சங்கரன்கோவில் நகராட்சி எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கிராம ஊராட்சிக்குள் போனால், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராம சபை உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவை அவர் முன் வைத்தாக வேண்டும். 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் தந்த உரிமை இது. விசைத்தறியும் பூ மார்க்கெட்டும் இயங்கும் நகரத்தின் 30 வார்டு மக்களுக்கோ 2022 வரை அப்படி ஒரு சபை கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒரு ஓட்டு, இடையில் மனு, அவ்வளவுதான்.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. சங்கரன்கோவில் அந்தக் கணக்கில் வராது. தமிழக அரசு 2022-இல் விதி வகுத்து, சிறு நகராட்சி, பேரூராட்சி வரை வார்டு குழுவையும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபாவையும் கொண்டுவந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. இதை மனமாரப் பாராட்ட வேண்டும். எந்தச் சாக்கடை மழைக்கு எதிர்த்து வரும், எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டாது என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு பதிவேட்டில் ஏற ஒரு வழி பிறந்தது.

ஆனால் பகுதி சபாவின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நகர்மன்றம் நியமிக்கிறது. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். கேள்வி கேட்க வேண்டியவரை, பதில் சொல்ல வேண்டியவர்களே நியமித்தால் கேள்வி எவ்வளவு தூரம் போகும்?

இதைவிடப் பெரிய குறை பணம். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மக்களைக் கூட்டினார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கிய மக்கள் பட்ஜெட்டும் அப்படித்தான். செலவிட ஒரு தொகை இருந்ததால் எது முதலில், எது பிறகு என்று மக்கள் வாதாடினார்கள். தொகை இல்லாத சபாவில் அந்த வாதத்துக்கே இடமில்லை. அது மனு வாங்கும் கூட்டமாகச் சுருங்கிவிடும்.

மக்கள் பணத்தையே கேட்கும் ஏற்பாடும் நம்மிடம் உண்டு. 1997-இல் தொடங்கி, 2021-இல் மீண்டும் வந்த 'நமக்கு நாமே' திட்டத்தில் பணிச் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். காசு போட்டவர் வேலையை நின்று பார்க்கிறார், சிமெண்ட் குறைந்தால் கேட்கிறார் என்பது உண்மையான பலம். ஆனால் கடைக்காரர்கள் வாழும் தெருவால் முடிவது, தறிக் கூலிக்காரர் தெருவால் முடியுமா? பங்களிப்பையே தகுதியாக்கும்போது, தேவை அதிகம் உள்ள தெரு பின்னுக்குப் போகிறது.

நம் ஊர்களில் கூடிச் செய்யும் பழக்கம் புதிதல்ல. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் திரளும் ஊர் சங்கரன்கோவில். தென்மாவட்டத் திருவிழாக்களின் மண்டகப்படி முறையில், இந்த நாள் எங்களுடையது என்று பொறுப்பேற்றுக் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். அந்தப் பொறுப்புணர்ச்சி அரியது. ஆயினும் பெரும்பாலும் சமுதாயவாரியாகப் பிரிந்த பங்கேற்பு அது. சாதி பார்க்காமல், குடியிருக்கும் தெருவை வைத்து மக்களைக் கூட்டுவதால்தான் பகுதி சபாவை நான் மேலானதாகக் கருதுகிறேன். அதைக் கைவிடக் கூடாது, பலப்படுத்த வேண்டும். பிரதிநிதியை அந்தப் பகுதி மக்களே தேர்ந்தெடுக்கட்டும். வார்டுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, செலவு விவரத்தைத் தெருவில் எழுதி வைக்கட்டும். தறி ஓட்டுபவரும் பூ கட்டும் பெண்களும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்கட்டும்.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையும் விளக்கும் கேட்பதோடு, இந்த மூன்றையும் செய்வீர்களா என்று கேளுங்கள்.