பெண்கள் சென்னை ஓபன்: விட்டுவிட்டு வரும் தொடர்

2022 ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. நிறைமாதக் கர்ப்பிணியாகச் செஸ் வீராங்கனை ஹரிகா ஆடிய அந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. செப்டம்பரிலேயே, அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வடக்கே, நுங்கம்பாக்கம் அரங்கில் பெண்களுக்கான சென்னை ஓபன் டென்னிஸ் நடந்தது. இந்தக் கடற்கரை வட்டாரத்துப் பெண் விளையாட்டுக்கு அதைவிடச் செழிப்பான பருவம் வாய்த்ததாகத் தெரியவில்லை. செஸ்ஸை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். டென்னிஸை மறந்துவிட்டோம். மறக்க விட்டதில் தொடரை நடத்தியவர்களுக்கும் பங்குண்டு.

சென்னைக்கு டென்னிஸ் புதிதல்ல. ஆண்களின் ஏடிபி தொடர் 1997 முதல் 2017 வரை ஓராண்டும் விடாமல் இங்கே நடந்தது. ராஃப்டர், மோயா ஆகியோர் பட்டம் வென்ற களம் இது; வாவ்ரிங்கா மட்டும் நான்கு முறை வென்றார். அந்த 21 ஆண்டுகளில் பெண்களுக்கு அதே தரத்தில் ஒரு தொடர்கூட இங்கே நடக்கவில்லை.

பெண்களின் டபிள்யூடிஏ தொடர் ஹைதராபாத்துக்கு வந்தது 2003-இல். அந்த ஆண்டு வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவர்க்கு அமைப்பாளர்கள் தரும் அனுமதி) நுழைந்த சானியா மிர்சா முதல் சுற்றிலேயே தோற்றார். மறு ஆண்டு லீசல் ஹூபருடன் இரட்டையர் பட்டம் வென்றார். 2005 பிப்ரவரியில் இறுதியாட்டத்தில் அல்யோனா பொண்டரென்கோவை வீழ்த்தி, டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஒரே ஊர், அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள். முதல் ஆண்டில் தோற்ற பெண்ணுக்கு அடுத்த ஆண்டும் அதே வாசல் திறந்திருந்தது. சானியாவின் திறமையைப் பற்றி எழுதுகிற நாம் இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதுவதில்லை.

பிறகு கொல்கத்தாவில் மிஸ்கினா, ஹிங்கிஸ், கிரிலென்கோ வென்றார்கள். 2008-இல் பெங்களூரில் செரீனா வில்லியம்ஸ் வென்றார். அத்தோடு நின்றது. புணேயிலும் மும்பையிலும் சிறிய தரத் தொடர்கள் சில நடந்ததைத் தவிர, 14 ஆண்டுகள் ஒன்றுமில்லை.

2022 செப்டம்பரில் அந்த வறட்சி தீர்ந்தது. 17 வயது செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா, முதல் செட்டை இழந்தும் மீண்டு, போலந்தின் மக்தா லினெட்டை 4-6, 6-3, 6-4 என வென்று தன் முதல் டபிள்யூடிஏ பட்டத்தைப் பெற்றார். நமக்கு முக்கியமான ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. தரவரிசையில் 300-க்கும் கீழே இருந்த கர்மன் கவுர் தண்டி, வைல்டு கார்டில் இறங்கி, முதல் சுற்றில் பிரான்சின் குளோயி பக்கேயை மூன்று செட்களில் வென்றார். அந்த ஒரு வெற்றிக்கு அவருக்குக் கிடைத்தது 30 தரவரிசைப் புள்ளிகள். பதினைந்தாயிரம் டாலர் பரிசு கொண்ட சிறு தொடரில் கோப்பையையே வென்றாலும் அப்போது கிடைத்தவை 10 புள்ளிகள்தான். உள்ளூரில் பெரிய தொடர் நடப்பதன் பயன் இந்தக் கணக்கில் இருக்கிறது. அடுத்த சுற்றில் பூஷார்டிடம் கர்மன் தோற்றார். மறு ஆண்டு வந்து மீண்டும் முயல, தொடரே நடக்கவில்லை. 2024-லும் நடக்கவில்லை.

2025 அக்டோபர் இறுதியில் சென்னை ஓபன் திரும்பியது. மழையும் சேர்ந்தே வந்தது. தொடக்க ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஹார்டு கோர்ட்டில் ஈரம் இருந்தால் கால் வழுக்கும். நீரைத் தள்ளி, துடைத்து, கோடுகள் காயும்வரை ஆடுபவர்கள் காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை எப்போது இறங்கும் என்பது செங்கல்பட்டு ஏரிப் பாசன விவசாயி எவருக்கும் தெரியும். ஆண்கள் தொடர் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில் நடந்தது. பெண்கள் தொடருக்கும் மழை ஓய்ந்த மாதமொன்றைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

அந்த முறை பட்டம் வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். 2002-க்குப் பிறகு அந்நாட்டுப் பெண் ஒருவர் வென்ற முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் அது. அமெரிக்கக் கல்லூரியில் ஆடி முடித்து, 2024-இல் முழுநேரமாக இறங்கி, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) சிறு தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக வென்று மேலே வந்தவர் அவர். கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஸ்வரனுக்கும் அந்த வாரம் வைல்டு கார்டு கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் ஏறிவரப் படிகள் வேண்டும். அந்தப் படிகள் சிறு தொடர்கள்தாம்.

அவற்றை மாமல்லபுரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடத்தலாம். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாமல்லபுரத்தில் 2023-இல் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும், 2025-இல் ஆசியப் போட்டியும் நடந்தன. இந்தக் கடற்கரையின் கமலி மூர்த்தி தேசிய அளவில் பேசப்படும் அலைச்சறுக்கு வீராங்கனையாக வளர்ந்திருக்கிறார். டென்னிஸுக்கும் அப்படியொரு பாதை இங்கே அமைய வேண்டும். தமிழ்நாடு டென்னிஸ் சங்கமும் அரசும் இரண்டு காரியங்களைச் செய்யட்டும்: சென்னை ஓபனை ஆண்டுதோறும் தவறாமல் நடத்துங்கள், செங்கல்பட்டில் ஆண்டுக்கு இரண்டு பெண்கள் ஐடிஎஃப் தொடர்களையாவது தொடங்குங்கள்.